சிட்டு திறந்துவிட்ட கடல்

அநியாயம் நடந்தது மாதேஸ்வரிக்கு. பெண்கள் விடுதிக்குள் யாரையும் கேட்காமல் கடலைக் கொண்டுவந்துவிட்டாள் என்று சொல்லி, தேர்வுக்கு முந்தின மாதத்தில், பெட்டியைக் கட்டிக்கொண்டு உடனே வெளியேற வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு போட்டார்கள். அதையும் மாலை ஆறே முக்காலுக்குப் போட்டார்கள். ஆறரைக்கு மேல் எந்த மாணவியும் விடுதி கேட்டைத் தாண்டக் கூடாது என்று அதே அலுவலகம் அதே பலகையில் ஒட்டிவைத்திருக்கும் உத்தரவுக்குப் பக்கத்திலேயே, அதே பசையைத் தடவி, இதையும் ஒட்டினார்கள். வெளியே போ, ஆனால் வெளியே போகாதே. இதைப் படித்துவிட்டுப் பேசாமல் நிற்க நான் என்ன நோட்டீஸ் போர்டா?

கடல் வந்ததைப் பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. கடல் என்றால் வரும், போகும், அது அதன் குணம். என் வழக்கு அந்த ஆறே முக்கால் மணியோடும், "யாரைக் கேட்டு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டவர்களோடும்தான். ஆனால் வழக்கைச் சொல்ல வேண்டுமென்றால் சிட்டுவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்தான் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் லாரியில் வரும், காற்று வரவே வராது. பெண்கள் விடுதியில் ரீடிங் ரூம் என்று ஒன்று உண்டு, அதில் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்கள் சில உண்டு, அவற்றில் ஒரு பிரவுசர் உண்டு, அந்த பிரவுசரைத் திறந்துவிட்டுப் போய்த் தலைக்குக் குளித்து, முடியைக் காயவைத்து, பின்னி முடித்து வந்தால் முதல் பக்கம் பாதி திறந்திருக்கும். அந்தப் பாதியிலும் ஒரு செருப்பு விளம்பரம், ஒரு திருமணத் தகவல் மைய விளம்பரம், என்னையே உங்கள் நிரந்தர பிரவுசராக வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சும் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியை மூடினால் ஏன் மூடினீர்கள் என்று கேட்கும் இன்னொரு பெட்டி. ஆண்கள் விடுதியில் புதுக் கம்ப்யூட்டர்கள். ஏன் என்று கேட்டு நான் எழுதிக்கொடுத்த மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதன்மேல் ஏறி அவர்கள் ஜன்னலை எட்டிப் பார்க்கலாம்.

மாதேஸ்வரி என் அறைத்தோழி. அரூருக்கு மேலே மலைப்பக்கம் ஊர். எம்.எஸ்.ஸி. விலங்கியல். பேச மாட்டாள், படிப்பாள். பாடப் புத்தகத்தை மட்டும் சொல்லவில்லை. ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கம், பஸ் டிக்கெட்டின் அடியில் இருக்கும் பொடி எழுத்து, வடை கட்டிக் கொடுத்த காகிதத்தில் போன வருஷத்து டெண்டர் விளம்பரம், எல்லாவற்றையும் கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவாள். நான் நேர் எதிர். நான் முதல் வரியைப் படித்ததும் மறுப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், மெஸ் அக்கா செல்லக்கிளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, வக்கீலு என்றுதான் கூப்பிடுவாள்.

பழைய கம்ப்யூட்டருக்குப் பாரமில்லாத பிரவுசர் எது என்று தேடித் தேடி, யாரோ எப்போதோ எழுதிப்போட்டு மறந்துவிட்ட ஒரு பக்கத்தின் அடியில் மாதேஸ்வரிதான் சிட்டுவைக் கண்டுபிடித்தாள். செய்தது யார் என்று போட்டிருக்கவில்லை. டீ ஆறுவதற்குள் இறங்கிவிட்டது. தவிட்டு நிறத்தில் ஒரு சிட்டுக்குருவிப் படம், அதை இரண்டு தட்டுத் தட்டினால் வெள்ளையாக ஒரு திரை, நடுவில் ஒரு கோடு, மூலையில் குருவி. அவ்வளவுதான். செருப்பு இல்லை, மாப்பிள்ளை இல்லை. நிரந்தரமாக வைத்துக்கொள் என்று கெஞ்சவில்லை. திறந்த பக்கங்கள் எல்லாம் இடது ஓரத்தில் கொடியில் துணி போட்டது போல வரிசையாகத் தொங்கின. நான் உடனே மயங்கிவிடவில்லை. எந்தப் புது பிரவுசரும் பெண் பார்க்க வந்த பையன் மாதிரிதான், முதல் நாள் காபி நன்றாக இருக்கிறது என்பான், எங்கே போனாய் யாரோடு போனாய் என்று கணக்கெடுப்பதெல்லாம் அப்புறம்தான் தெரியும் என்று சொன்னேன். மாதேஸ்வரி எதையாவது திறந்து பார் என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததால் ஊட்டியில் இன்று என்ன வானிலை என்று தட்டினேன். பக்கம் கண் இமைப்பதற்குள் வந்தது. வந்த கையோடு விசைப்பலகையின் சந்துகளிலிருந்து பனிமூட்டம் கிளம்பி, மேஜைமேல் படர்ந்து, என் மடியில் இறங்கி, எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த கணிதத்துறைப் பிள்ளைகளின் கழுத்துவரை ஏறியது, யூகலிப்டஸ் வாசனை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. மாதேஸ்வரி கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். "பக்கம் முழுசா லோட் ஆயிருச்சு," என்றாள்.

பக்கத்தை மூடினால் வந்ததெல்லாம் திரும்பிப் போய்விடும். போவதற்கு முன் சின்னதாக ஒரு பெட்டி வரும், அதில் ஏதோ நாலைந்து வரி எழுதியிருக்கும், கீழே இரண்டு பொத்தான் இருக்கும். இந்த மாதிரிப் பெட்டிகளை யார் படிக்கிறார்கள்? பிறந்ததிலிருந்து சம்மதம் சம்மதம் என்று அமுக்கியே பழகிய விரல் நம்முடையது. நானும் அமுக்கினேன். பனியெல்லாம் போய்விட்டது, ஆனால் பீரோமேல் ஒரு தலையணை அளவு மட்டும் தங்கிவிட்டது, இன்றும் இருக்கிறது, சித்திரை மாதத்தில் பிள்ளைகள் அதில் தண்ணீர் பாட்டிலைச் செருகி வைப்பார்கள்.

ஒரு வாரத்துக்குள் விடுதி முழுக்க சிட்டுவுக்குப் பழகிவிட்டது, எனக்கு இப்போது நினைத்தால் அதுதான் பிடித்திருக்கிறது, ஒருவர்கூட வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, எல்லோரும் உடனே குறை சொல்ல ஆரம்பித்தார்கள். துணி காயாத நாளில் ராஜஸ்தான் சுற்றுலாப் பக்கத்தைத் திறந்து, வருகிற காற்றில் பெட்ஷீட்டைப் பிடித்து நின்றார்கள், காய்கிறது ஆனால் மணல் ஒட்டுகிறது என்றார்கள். கொடைக்கானலையும் ஜெய்சல்மரையும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டதில் ரீடிங் ரூமில் சேறு மழை பெய்தது, அதன் பிறகு யார் எந்த ஊரைத் திறக்கலாம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். செல்லக்கிளி அக்கா மெஸ்ஸுக்குக் கறிவேப்பிலை இல்லை என்று ஒரு சமையல் பக்கத்தைத் திறக்கச் சொல்ல, கறிவேப்பிலைக்கு முன்னால் விளம்பரத்தில் இருந்த மிக்ஸி மூடி வந்துவிட்டது, சரி மூடியாவது கிடைத்ததே என்று எடுத்துக்கொண்டு போனாள். வயநாட்டு வயலைப் பற்றி ஒருத்தி கட்டுரைக்காகத் திறந்த பக்கத்திலிருந்து ஒரு வாத்து இறங்கி வந்தது, அவளும் பழக்கத்தில் சம்மதம் என்று அமுக்கிவிட, வாத்து தங்கிவிட்டது, அதற்கு நாங்கள் துணை வார்டன் என்று பெயர் வைத்தோம், நடை அப்படி. நான் ஒரு சோதனைக்காக எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தையே திறந்தேன். இந்தப் பக்கம் கட்டுமானத்தில் உள்ளது என்று வந்தது. கூடவே அரை வண்டி ஜல்லியும் வந்தது.

வார்டன் அமிர்தவல்லி மேடம் முதலில் முறைத்தார். மின்சாரம் வீணாகிறது, ஒழுங்கு கெடுகிறது, வெளியே போகிற ஆசை வரும் என்றார். வெளியே யார் போனார்கள், எல்லாம் உள்ளேதானே வருகிறது என்று நான் கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவரே வந்து உட்கார்ந்து காசி கங்கை ஆரத்தியைத் திறந்து கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பெட்டி வந்ததும் கும்பிட்ட கையாலேயே அமுக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் அலுவலக அலமாரிக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாராவது கேட்டால் போன் என்பார்.

இந்தச் சமயத்தில்தான் விலங்கியல் துறையில் கடற்கரைக்குக் களப்பயணம் போனார்கள். போனார்கள் என்றால் பையன்கள் போனார்கள். கூட வருவதற்குப் பெண் பேராசிரியர் யாரும் இல்லை என்று பெண்களை விட்டுவிட்டுப் போனார்கள். போன வருஷமும் அப்படித்தான். மாதேஸ்வரி பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. கடல்வாழ் உயிரினங்கள் தாளில் துறையிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள், நட்சத்திர மீனை ஃபார்மலின் ஜாடியில் பார்த்து வரைந்து வரைந்து, அது உயிரோடு இருக்கும்போதும் மஞ்சளாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று நினைத்திருந்தவள். பையன்கள் திரும்பி வந்து ஷூவைத் தட்டியபோது கொட்டிய மணலை அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் துறைத் தலைவருக்கு மூன்று பக்கம் எழுதினேன். அவள் ஒன்றும் எழுதவில்லை. சாப்பிட்டுவிட்டு ரீடிங் ரூமுக்குப் போனாள்.

நான் அப்போது மெஸ்ஸில் ரசத்தைப் பற்றிச் செல்லக்கிளி அக்காவோடு வாதாடிக்கொண்டிருந்தேன். இது ரசம் இல்லை, புளி கரைத்த கையைக் கழுவிய தண்ணீர் என்பது என் தரப்பு. காலில் ஈரமாக ஏதோ தொட்டது. குனிந்தால் அலை. மெஸ் தரையில் நீளமாக ஓடி வந்து, என் ஒற்றைச் செருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்து, பிடிக்காதது போலத் திரும்ப வைத்துவிட்டுப் போனது. செல்லக்கிளி அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏ வக்கீலு, எந்தப் பிள்ளை எதைத் திறந்துச்சுன்னு பாரு. அடுப்புக்கிட்ட வந்தா எனக்கு வேலை கிடையாது, உங்களுக்குச் சோறு கிடையாது," என்றாள்.

ரீடிங் ரூம் பின்கதவிலிருந்து தொடங்கியிருந்தது. விடுதிக்குப் பின்னால் மதில்வரை வெடித்துக் கிடக்கும் ஒரு கட்டாந்தரை உண்டே, துணிக்கம்பங்களைத் தவிர எதுவும் முளைக்காத இடம், அங்கே இப்போது கடல் இருந்தது. துணிக்கம்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன, யாருடைய நைட்டியோ கப்பல் பாய் போல விரிந்து பறந்தது. மதில் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஆனால் கரையில் நின்று பார்த்தால் மதில் தெரியாது, வானம் தொடுகிற இடம்வரை தண்ணீர்தான். வெளியே ரோட்டில் நின்று பார்த்தால் மதில் மட்டும்தான் தெரியும், மேலே உப்புக்காற்று தாண்டி வரும். மாதேஸ்வரி முழங்கால் தண்ணீரில் சுடிதாரோடு நின்றுகொண்டிருந்தாள். சிரித்தாள் என்று சொன்னால் போதாது, அலை வந்து முட்டும்போதெல்லாம் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியது போல் உடம்பையே மடக்கிச் சிரித்தாள். உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நட்சத்திர மீன்.

"இது நடக்குதுடி பொற்கொடி," என்றாள்.

திரும்பி ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கடல் பக்கம் மட்டும் மூடாமல் இடது ஓரத்தில் தொங்கியது, பெட்டி இல்லை, பொத்தான் இல்லை. எல்லோரையும் போல இவளும் வந்த வேகத்தில் அமுக்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதாது. விடிந்தால் பல் தேய்க்கக் கடற்கரைக்குப் போனோம். ஆறரைக்குக் கேட் மூடினால் மூடட்டும் என்று, மூடிய கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, அலையோடு கபடி ஆடினோம். இலக்கணத்துக்குப் பயந்து நாள் முழுக்க அறையை விட்டு வராத தமிழ்த்துறைப் பிள்ளைகள் ஈரமணலில் உட்கார்ந்து நன்னூலை மனப்பாடம் செய்தார்கள், அலை வந்து அழித்த சூத்திரத்தை மட்டும் திரும்ப எழுதிப் பார்த்தார்கள். செல்லக்கிளி அக்கா உப்பு வாங்குவதை நிறுத்தினாள், ரசம் முதல்முறையாக ரசமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மத்தியானம் சுண்டல் செய்து மணலில் வைத்து விற்பதுபோல் உட்கார்ந்தாள், விற்கவில்லை, கடற்கரை என்றால் சுண்டல் இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. மாதேஸ்வரி ஒவ்வொரு நாளும் கரையில் ஒதுங்கியதை எல்லாம் பார்த்து, பெயர் சொல்லி, திருப்பித் தண்ணீரில் விட்டாள். விலங்கியல் பெண்கள் எல்லோரும் ரெக்கார்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து திரும்ப வரைந்தார்கள். துணை வார்டன் மட்டும் கடலுக்குள் இறங்கவில்லை, கரையோரம் நடந்து எங்களைக் கண்காணித்தது.

உப்புக்காற்று ஆண்கள் விடுதிவரை போனது. அவர்கள் மதிலேறிப் பார்த்தார்கள், கட்டாந்தரைதான் தெரிந்தது. கேட்டில் வந்து நின்று கேட்டார்கள், வாட்ச்மேன் சூசை அண்ணன் பெண்கள் விடுதிக் கடலில் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். உடனே போய் சிட்டுவைத் தங்கள் புதுக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தார்கள், அதில் ஏற்கெனவே இருந்த இரண்டு கிரிக்கெட் விளையாட்டும் நாலு சினிமாவும் இடம் விடவில்லை, குருவி எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. எனவே அவர்கள் மனு எழுதினார்கள். வசதிகள் இரு விடுதிகளுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நான்கு வருஷமாக இந்த வளாகத்தில் சமத்துவம் என்ற சொல்லை நான் ஒருத்திதான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மனுவை வாங்கிப் பார்த்து எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்தது.

மனு போனதும் மேலே விசாரித்தார்கள். மேலே விசாரித்ததும் வார்டன் மேடத்துக்குப் பயம் வந்தது. பயம் வந்த அன்றே பௌர்ணமியும் சேர்ந்துகொண்டதால், கடல் கொஞ்சம் ஏறி, அவர் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்து, மேஜைக்கு அடியில் இரண்டு நண்டை வைத்துவிட்டுப் போனது. மேடம் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு மாதேஸ்வரியைக் கூப்பிட்டார். யாரைக் கேட்டுக் கொண்டுவந்தாய் என்றார். மாதேஸ்வரி நண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரைக் கேட்டு என்று மறுபடியும் கேட்டார். அவளுக்கு முந்திக்கொண்டு நான் பேசினேன். கெஸ்ட் வந்தால் கேட்க வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது, கடல் வந்தால் கேட்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது என்றேன். மேடம் நாற்காலியிலிருந்து இறங்காமலேயே உத்தரவை எழுதினார். அப்போது மணி ஆறே முக்கால்.

இப்போது புரிகிறதா என் வழக்கு?

மாதேஸ்வரியின் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இந்த ஊரில் வேறு ஒண்டுவதற்கு இடம் இல்லை, தனியாக வரும் பெண்ணுக்கு இங்கே யாரும் அறை தர மாட்டார்கள். ஊருக்குப் போனால் தேர்வு போகும். தேர்வு மட்டும் போகாது. இவ்வளவு படித்தது போதும் என்று சொல்ல ஒரு சாக்கு கிடைக்காதா என்று அவள் மாமா இரண்டு வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காத்திருக்கிறார். தேர்வு எழுதாமல் பெட்டியோடு அந்த பஸ்ஸிலிருந்து இறங்கினால் மறுபடி அவள் அதில் ஏற மாட்டாள். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டியைக் கட்டியதும், வாளியில் வைத்திருந்த அந்த முதல் நாள் நட்சத்திர மீனை மட்டும் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தாள்.

வெளியேயும் போக முடியாமல் உள்ளேயும் இருக்க முடியாமல் அவள் பார்வையாளர் அறையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், துணை வார்டன் அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அந்த அறை உள்ளேயா வெளியேயா என்று நான் வார்டனிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். விடிவதற்குள் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செல்லக்கிளி அக்கா காலையில் அடுப்பே பற்றவைக்கவில்லை, அந்தப் பிள்ளை உள்ளே வராமல் இட்லி வெளியே வராது என்றாள். வேறு வழியில்லாமல் டீன் ராஜவேலு சாரே விசாரிக்க வந்தார்.

பெண்கள் விடுதிக்குள் ஆண்கள் வரக் கூடாது என்பதால் டீன் கேட்டில் கால்மணி நேரம் நின்றார், சூசை அண்ணன் அவரிடம் யாரைப் பார்க்க வேண்டும், என்ன உறவு என்று கேட்டுப் பதிவேட்டை நீட்டினார். உறவு என்ற இடத்தில் டீன் ரொம்ப யோசித்து, டீன் என்று எழுதினார். விசாரணை ரீடிங் ரூமிலேயே நடந்தது, சம்பவ இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது அவர்தான். உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் கடல் ஏறத் தொடங்கியது. டீன் ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டார், பேன்ட்டை மடித்துக்கொண்டார், ஒரு அலை வந்து கணுக்காலைச் சுற்றிவிட்டுப் போனபோது அவர் முகத்தில் ஏதோ ஒரு இளக்கம் வந்ததை நான் குறித்துக்கொண்டேன்.

முதலில் வார்டன் மேடம் தாமே அந்தப் பக்கத்தை மூடிக்காட்டுகிறேன் என்று போய் உட்கார்ந்தார். மூடினார். குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. தங்கச் சொன்னவர் சொன்னால்தான் போகும் என்று எழுத்து வந்தது. மேடம் அதையும் படிக்காமல் சம்மதம் என்று அமுக்க, மேஜைமேல் இன்னொரு நண்டு வந்தது.

பிறகு நான் எழுந்தேன். அப்படி ஒரு வாதத்தை என் வாழ்நாளில் நான் வைத்ததில்லை, இனி வைப்பேனா என்றும் தெரியவில்லை. இந்த நாட்டில் எந்தப் பெட்டியையாவது யாராவது படித்துவிட்டு அமுக்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். பீரோமேல் இருந்த பனியைக் காட்டினேன், ஜல்லியைக் காட்டினேன், வாத்தைச் சாட்சியாக நிறுத்தினேன். இவை எல்லாம் படிக்காமல் அமுக்கியதால் தங்கியவை, அமுக்கியவர்கள் எல்லோரும் விடுதியில்தான் இருக்கிறோம், இவள் அமுக்கியதில் வந்தது அளவில் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அந்த நேரம் பார்த்து மேடத்தின் அலமாரிக்குள் கங்கை மணி அடித்தது. போனை எடுங்கள் மேடம் என்றேன். டீன் இருமிக்கொண்டார். பின்னால் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள், செல்லக்கிளி அக்கா, இதுக்குத்தான் வக்கீலுன்னு பேர் வச்சேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன். தவறுதலாக நடந்தது என்பதே எங்கள் தரப்பு, தவறுதலுக்கு எச்சரிக்கைதான் தண்டனை, வெளியேற்றம் இல்லை என்று முடித்தேன்.

டீன் என்னைப் பார்க்காமல் மாதேஸ்வரியைப் பார்த்தார். நல்ல மனுஷன், அதை மறுக்க மாட்டேன். "தெரியாம அமுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. பக்கத்தை மூடிடு. பெட்டியை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போ," என்றார். வழி திறந்துவிட்டது. சொல்லிவிட்டால் தேர்வு இருக்கிறது, மாமா டீக்கடையிலேயே உட்கார்ந்திருக்கலாம், கடல் மட்டும் போய்விடும்.

அவள் சொன்ன பதிலுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பதிலுக்கு மேல் பேச என்னிடமே எதுவும் இல்லை. டீன் பேன்ட்டை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டார். பிறகு விடுதி விதிகளைக் கொண்டுவரச் சொல்லி, கெஸ்ட் என்ற பகுதியைத் தாமே வாசித்தார். மாணவி அழைத்த விருந்தினர் பெண்ணாக இருந்தால் வார்டன் கையெழுத்தோடு ஒரு வாரம் தங்கலாம் என்று இருந்தது. கடல் பெண்தானா என்று கேட்டார். கடலம்மா என்றுதானே சார் கும்பிடுறோம் என்றாள் செல்லக்கிளி அக்கா. அதன்படி திங்கட்கிழமைதோறும் அமிர்தவல்லி மேடம் கடலுக்கு ஒரு கையெழுத்துப் போடுகிறார், இப்போதெல்லாம் அதைக் கரைக்கு வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போடுகிறார். மாதேஸ்வரி தேர்வு எழுதினாள். ஆறே முக்கால் உத்தரவு இன்னும் பலகையில்தான் இருக்கிறது, உப்புப் பூத்து எழுத்தே தெரியவில்லை. அடுத்த களப்பயணத்துக்கு விலங்கியல் பையன்களை எங்கள் விடுதிக்குக் கூட்டிவர முடியுமா என்று துறையிலிருந்து கேட்டிருக்கிறார்கள், கூட வருவதற்கு ஆண் பேராசிரியர் யாரும் இல்லை என்று பதில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? டீன் காத்துக்கொண்டிருந்தார். நான் மாதேஸ்வரியின் முழங்கையைக் கிள்ளினேன், சொல்லிவிடு என்று. வார்டன் மேடத்துக்கு மட்டும் ஆறவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் சார். யாரைக் கேட்டுக் கொண்டுவந்தே? அதுக்கு மட்டும் அவ வாயால பதில் வரட்டும்," என்றார்.

மாதேஸ்வரி மடியிலிருந்த பெட்டியை இறக்கித் தண்ணீரில் வைத்தாள். எழுந்து நின்றாள்.

"நான் யாரையும் கேக்கலீங்க மேடம். அதுதாங்க என்னையக் கேட்டுச்சு. வந்தது தங்கட்டுமா, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுச்சு. நான் இங்க வந்ததுல இருந்து என்னைய ஒருத்தர் அப்படிக் கேட்டது அதாங்க முதல் தடவை. கடைசி வரி வரைக்கும் படிச்சுப் பாத்துட்டுத்தாங்க அமுக்கினேன்."